ஆங்கில வசவுகள்: ஊர் மாறும்போது செய்யும் தவறுகள்

தமிழில் சொல்ல வாய் கூசும் வார்த்தைகூட ஆங்கிலத்தில் நமக்குச் சுலபமாக வந்துவிடும். நமக்கு உறைக்காதது கேட்பவருக்கும் உறைக்காது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

'ப்ளடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் அது பேச்சோடு பேச்சாக வந்துபோகும். 2006-ல் அந்நாட்டுச் சுற்றுலா விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தபடி 'ப்ளடி ஹெல்' போட்டு உலகத்தையே அழைத்தார். பிரிட்டன் தொலைக்காட்சியில் முதலில் அதற்குத் தடை விழுந்தது. அமெரிக்கர்களுக்கோ அது வசவாகவே படாது. அதற்காக அவர்கள் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு கேட்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். 'காட்டேம்' என்று சொல்லிப் பாருங்கள், கடவுள் பெயரை இழுத்ததற்காகப் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

'பாஸ்டர்ட்' இன்னும் சிக்கல். ஆஸ்திரேலியர் நெருங்கிய நண்பனைக்கூட அப்படி அழைப்பார். நம் காதில் அது நேராகத் தாயின் மேல் பாயும். 2008 சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலிய வீரர் பிராட் ஹாக் அப்படிச் சொன்னதாக இந்திய அணி புகார் கொடுத்து, பிறகு திரும்பப் பெற்றது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, மெல்போர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலாளரை அப்படி அழைக்க வேண்டாம். அந்த உரிமை பழகிய பிறகு வருவது.

பார்க்க வசவு மாதிரியே தெரியாத சொற்களும் உண்டு. அமெரிக்காவில் 'ஃபேனி' பின்புறம், பிரிட்டனில் பெண்ணுறுப்பு. எனவே லண்டன் கடையில் இடுப்புப் பை வாங்கப் போனால் 'பம் பேக்' என்று கேளுங்கள். ஓர் அணியை ஆதரிக்கிறேன் என்பதற்கு அமெரிக்கர் சொல்லும் 'ரூட்' (root), ஆஸ்திரேலியாவில் உடலுறவைக் குறிக்கும்.

'ஸ்பாஸ்' என்பதை மட்டும் எங்கேயும் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் தடுமாறுகிறவரைக் கிண்டலடிக்கும் சாதாரணச் சொல்லாகவே அது புழங்கியது. பிரிட்டனில் அது மாற்றுத்திறனாளிகளைக் குத்தும் கடுமையான வசவு. 2022-ல் அமெரிக்கப் பாடகிகள் லிஸ்ஸோவும் பியான்ஸேயும் எதிர்ப்பு வந்த பிறகு பாடல் வரியையே மாற்றினார்கள். அதன் மூலச் சொல்லான 'ஸ்பாஸ்டிக்' (தசை இறுக்கக் குறைபாடு உள்ளவர்களைக் குறித்த மருத்துவச் சொல்) பிரிட்டனில் பள்ளிக்கூடத் திட்டாகிப்போனதால், அந்தப் பெயரில் இயங்கிய தொண்டு நிறுவனமே 1994-ல் ஸ்கோப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சென்னையில் அதே சொல்லைப் பெயரில் கொண்ட சேவை அமைப்பு உண்டு, இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, எரிச்சலை அடக்கவே முடியவில்லையா? 'டேம்' என்பதன் சாதுவான வடிவமான 'டார்ன்' போதும். லண்டனில் கௌபாய் படம் அதிகம் பார்ப்பவர் என்று நினைப்பார்கள், ஆனால் விஷயம் ஹெச்.ஆர். வரை போகாது.