ஓமும் இல்லை, இல்லையும் இல்லை: அமெரிக்கக் கம்பஸ் முடிவைத் தள்ளிவைத்தால் என்ன செய்வது?

2024 டிசெம்பர் நடுப்பகுதி, அதிகாலை மூன்றரை மணி. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில், சிக்னல் இரண்டு கோடு வரும் மூலையில், என் பெறாமகள் போனோடு குந்தியிருந்தாள். அவளுக்கு உயர்தரப் பரீட்சை இன்னும் முடியவில்லை. அந்த வருடம் நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சை இரண்டு நாளில் வெள்ளத்தால் நின்று, டிசெம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கியது.

அவள் விண்ணப்பித்திருந்த அமெரிக்கக் கம்பஸின் முடிவுக் கடிதம் திறந்தது. வாழ்த்தும் இல்லை, மறுப்பும் இல்லை. சத்தம் கேட்டு அம்மா எழும்பி வந்தா.

"ஓமெண்டவங்களோ, இல்லையெண்டவங்களோ?"

"ரெண்டும் இல்லையம்மா. பொறுக்கச் சொல்லுறாங்கள்."

"பொறுக்கச் சொல்லவோ இந்த நேரத்தில பிள்ளையை எழுப்பினவங்கள்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்யவேண்டும் என்று தட்டித் தடவிக் கற்றுக்கொண்டோம். வன்னியில் இருந்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. கேட்டுப் படிக்கப் பக்கத்து வீட்டில் ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பிரித்தறியுங்கள்

அமெரிக்காவில் நவம்பர் 1 அல்லது 15க்குள் முற்கூட்டியே விண்ணப்பித்தால் டிசெம்பர் நடுவில் முடிவு வரும். அந்த முடிவு மூன்று வகை: ஏற்பு, மறுப்பு, தள்ளிவைப்பு. ஆங்கிலத்தில் ‘டிஃபர்ட்’ என்று இருந்தால் அது மூன்றாவது. உங்கள் விண்ணப்பத்தை ஜனவரியில் விண்ணப்பிப்பவர்களோடு சேர்த்து இன்னொரு முறை பார்ப்பார்கள். மார்ச்சில் முடிவு சொல்வார்கள். திரும்ப விண்ணப்பிக்கத் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

இதைக் காத்திருப்புப் பட்டியலோடு குழப்பாதீர்கள். அது மார்ச் முடிவுக்குப் பிறகு வருவது. யாராவது விட்டு இடம் மிஞ்சினால்தான் கூப்பிடுவார்கள். இடம் கிடைத்த பிள்ளை ‘ஒரு வருடம் கழித்து வருகிறேன்’ என்று தானே கேட்பதற்கும் ‘டிஃபர்’ என்ற அதே ஆங்கிலச் சொல்தான். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இணையத்தில் அதை வாசித்துவிட்டு, "பிள்ளைக்கு அடுத்த வருசம் இடம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

படி 2: என்ன வகையில் விண்ணப்பித்தீர்கள் என்று பாருங்கள்

முற்கூட்டிய விண்ணப்பத்தில் இரண்டு வகை. ஒன்றில், இடம் தந்தால் கட்டாயம் வருவேன் என்று கையெழுத்து வைக்கிறீர்கள். மற்றதில் அந்தக் கட்டு இல்லை. முதல் வகையில் விண்ணப்பித்துத் தள்ளிவைக்கப்பட்டால் அந்த வாக்குறுதி பொதுவாக அத்தோடு விடுபட்டுவிடும். மார்ச்சில் அவர்கள் ஓம் என்றாலும் நீங்கள் வேறிடம் போகலாம்.

படி 3: மதிப்பெண்களை அனுப்புங்கள்

இங்கேதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ‘கொமன் அப்’ என்பது பல அமெரிக்கக் கம்பஸ்களுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையத்தளம். அதன் வழியாக விண்ணப்பித்தவர்களுக்கு, வருட நடுவில் பிள்ளையின் மதிப்பெண்களைச் சொல்லும் இடைவருட அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. அந்த அறிக்கையை மாணவர் அனுப்ப முடியாது. பள்ளிக்கூடத்தில் ‘கவுன்சிலர்’ என்று பதியப்பட்டவர்தான் ஏற்றவேண்டும். எங்கள் பள்ளிகளில் அப்படி ஒரு பதவி ஏது? அதிபரையோ ஆங்கில ஆசிரியரையோ போட்டிருப்பீர்கள். இணைப்பு அவருடைய ஈமெயிலுக்குப் போகும். அந்த ஈமெயிலை அவர் கடைசியாகத் திறந்தது எப்போது என்று முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. இணைப்பு மூன்று கிழமை அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் நானே லப்டொப்பைக் கொண்டுபோய், பக்கத்தில் இருந்து, பாஸ்வேட்டை மாற்றி, ஒன்றாக ஏற்றிவிட்டு வந்தோம்.

எந்த மதிப்பெண்ணை அனுப்புவது? உயர்தரப் பெறுபேறு அந்த நேரத்துக்கு வராது. 2024 பரீட்சைக்கு 2025 ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. அமெரிக்க முடிவோ மார்ச்சில். அதனால் கடைசித் தவணைப் பரீட்சை மதிப்பெண்களை அனுப்புங்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சை எழுதியிருந்தால் அதையும் சேர்க்கலாம். மதிப்பெண்ணை மட்டும் அனுப்பினால் போதாது, விளக்கம் வேண்டும். நாங்கள் 75க்கு ஏ போடுகிறோம். அங்கே பல பள்ளிகளில் 75 என்றால் சி. ‘இலங்கையில் 75உம் அதற்கு மேலும் ஏ’ என்று ஒரு வரியும், வகுப்பில் பிள்ளையின் நிலை என்ன என்று இன்னொரு வரியும் அதிபரின் கடிதத் தலைப்பில், முத்திரையோடு இருக்கட்டும். போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். கொம்யூனிகேசன் கடையில் ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆக எடுங்கள்.

படி 4: ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம்

முதலில் தள்ளிவைப்புக் கடிதத்தைத் திரும்ப வாசியுங்கள். ‘மேலதிகமாக எதுவும் அனுப்பவேண்டாம்’ என்று இருந்தால் அனுப்பவேண்டாம், அவ்வளவுதான். விண்ணப்பக் கணக்கில் தனிப் படிவம் இருந்தால் அதை நிரப்புங்கள். இரண்டும் இல்லை என்றால், எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அனுமதி அலுவலருக்கு ஜனவரி கடைசிக்குள் ஒரு பக்கத்துக்கு மிஞ்சாமல் எழுதுங்கள். தலைப்பில் விண்ணப்ப இலக்கமும், விண்ணப்பத்தில் உள்ளபடியே பெயரும் இருக்கவேண்டும். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பாஸ்போட்டில் வேறெழுத்து என்று இருக்கும் எங்கள் பெயர்களுக்கு இது முக்கியம்.

என்ன எழுதுவது? இன்னும் அங்கே படிக்க விருப்பம் என்பது ஒன்று. நவம்பருக்குப் பிறகு புதிதாக நடந்த இரண்டு, மூன்று விடயங்கள் மற்றது. ‘இடம் தந்தால் கட்டாயம் வருவேன்’ என்பதை உண்மையென்றால் மட்டும், ஒரே இடத்துக்கு மட்டும் எழுதுங்கள்.

பெறாமகளின் முதல் பிரதியில் "நான் கடின உழைப்பாளி, உங்கள் பல்கலைக்கழகம் என் கனவு" என்று இருந்தது. கனவு இல்லாமல் யார் விண்ணப்பிக்கிறார்கள்? அழிக்கச் சொன்னேன்.

"வெள்ளம் வந்த கிழமை நீ என்ன செய்தனீ?"

"ஒண்டும் செய்யேல்லை சித்தி. பள்ளிக்கூடத்தில வந்திருந்த சனத்தின்ர பெயரை எழுதிக் குடுத்தன், அவ்வளவுதான்."

கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா என்று கோடு கீறியிருந்தாள். கடைசிக் கட்டத்தில், பிறஷர் குளிசை எடுப்பவர்கள் யார், அது எத்தனை நாளைக்குக் கையில் இருக்கிறது என்று தனியாகக் குறித்திருந்தாள். அந்தக் கட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாள் இரவு ஒரு கிழவி குளிசை இல்லாமல் மயங்கியதைப் பார்த்து அவளாகப் போட்டது. கடிதத்தில் நான்கு வரியில் அதை மட்டும் எழுதினாள். அதுதான் அவள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வன்னி என்றதும் யுத்தத்தை எழுது என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். 2009இல் இந்தப் பிள்ளைகள் மிகச் சின்னஞ்சிறுசுகள். நினைவு அம்மாவினுடையது என்றால் அம்மாவினுடையது என்றே எழுதட்டும். தள்ளிவைத்துவிட்டார்களே என்று, முதல் கட்டுரையில் சொல்லாத சாவை இரண்டாம் கடிதத்தில் இழுத்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடிதம் போனால் போனதுதான். கிழமைக்கொரு ஈமெயில் வேண்டாம். எம்பி, பாதர், வெளிநாட்டு மாமா என்று சிபாரிசும் வேண்டாம். ‘உள்ளுக்குள் ஆள் இருக்கு’ என்று காசு கேட்பவரிடம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 5: காசு விடயம் தனி

உதவித்தொகை கேட்கும் வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான இடங்களில் குடும்பத்தால் எவ்வளவு கட்டமுடியும் என்பதும் முடிவில் சேரும். அதைப் பார்க்காமல் அனுமதிக்கும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, அம்ஹெர்ஸ்ட் போன்றவை கொஞ்சம்தான். தள்ளிவைத்ததற்காகப் பயந்து, கேட்ட தொகையைக் குறைத்து எழுதாதீர்கள். இடம் கிடைத்த பிறகு அந்த மிச்சத்தை யார் கட்டுவது?

வருமானம் உண்மையாகவே மாறியிருந்தால், நிதியுதவி அலுவலகத்துக்குத் தனியாக அறிவியுங்கள். காலபோக வயல் வெள்ளத்தில் போனால் கமநல சேவை நிலையத்தின் கடிதம், விதானையாரின் வருமான உறுதிப்படுத்தல், இரண்டுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி. இதற்கே பத்து நாள் ஓடும்; முன்கூட்டியே தொடங்குங்கள்.

படி 6: மற்றக் கதவுகள்

சாதாரணச் சுற்றின் இறுதி நாள் பல இடங்களில் ஜனவரி முதல் கிழமை. டிசெம்பர் முடிவைப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதலாம் என்று இருந்தால், கையில் இரண்டு கிழமைதான், அதிலும் பரீட்சை. மற்ற விண்ணப்பங்களை நவம்பருக்கு முன்பே எழுதி வையுங்கள். கொமன் அப்பில் 20 இடம் வரை சேர்க்கலாம், ஆனால் எட்டைத் தாண்டினால் கட்டுரை எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பது என் அனுபவம்.

எங்கள் கம்பஸையும் விடாதீர்கள். விஞ்ஞானம், கணிதம் போன்ற துறைகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அறிவியல் நகரில், எங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில். வவுனியா 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம். இங்கே விண்ணப்பம் பெறுபேறு வந்த பிறகுதான் என்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. டிசெம்பர்க் கடிதத்தால் மனம் உடைந்து ஒரு பேப்பரைக் கோட்டைவிட்டால்தான் இரண்டும் போகும்.

படி 7: மார்ச் இரவு

நியூயோர்க் நேரம் டிசெம்பரில் எங்களைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவார்கள், பிறகு ஒன்பதரை. மாலை ஏழு மணிக்கு முடிவு என்றால் இங்கே அடுத்த நாள் காலை நாலரை. டேட்டா போட்டு வையுங்கள், பாஸ்வேட்டை முதல் நாளே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இடம் கிடைத்தால் வழமையாக மே 1க்குள் பதில் சொல்லவேண்டும். உதவித்தொகைக் கடிதத்தைப் பார்க்காமல் ஓம் என்று அழுத்தாதீர்கள்.

எங்களுக்கு அந்த இடம் மார்ச்சில் ‘இல்லை’ என்றது. இம்முறை அம்மாவை எழுப்பவில்லை. விடிந்து, தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகுதான் சொன்னோம்.