கடலில்லா ஊரில் ஒரு கடல் ஓவியத்தைப் படியெடுக்கும் முறை

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1885-இல் தைலவண்ணத்தில் தீட்டியதும், இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருப்பதுமான 'மூடுபனி எச்சரிக்கை' ஓவியத்தைப் படியெடுக்க விரும்பும் கோவை, ஈரோடு மாணவர்கள் மீனவரின் முகத்திலிருந்து தொடங்க வேண்டாம்; அவருடைய துன்பம் முகத்தைவிடத் தொலைவில்தான் இருக்கிறது. மூலம் ஏறத்தாழ 77 × 123 செ.மீ. என்பதால், பாதி அளவுக்கு 38 × 61 செ.மீ. துணி போதும்.

முதலில் அடிவானத்தை இட்டு, அதில், படகிலுள்ள மீனவர் திரும்பிச் சேர வேண்டிய தாய்க்கப்பலை மிகச் சிறிதாகக் குறித்து, அதை விழுங்க வரும் பனித்திரையைச் சாம்பல் நிறத்தில் எழுப்புங்கள். அடுத்தது படகு. பின்பகுதியில் கிடக்கும் பெரிய ஹாலிபட் மீன்களின் பாரத்தால் அது தாழ்ந்திருக்க, முன்முனை அலைமேல் தூக்கி நிற்கும். இந்தச் சாய்வு பிசகினால், பிடித்த மீனே அவரைக் கப்பல் சேரவிடாத சுமையாவது விளங்காது.

துடுப்பு வலிப்பவர் முன்முனைக்கு முதுகு காட்டியே அமர்வதால், கப்பலைக் காண அவர் தலையைத் திருப்பியாக வேண்டும். கழுத்தின் அந்தத் திருகலே படத்தின் உயிர் என்பது என் கருத்து. தோள் இறுக்கம் பிடிபடாதவர்கள் பவானி கூடுதுறையில் பரிசல் தள்ளுபவரைப் பார்த்துக் கோட்டோவியங்கள் போட்டுப் பழகலாம். அங்கே ஒற்றைத் துடுப்புதான், ஆனாலும் நீரை எதிர்க்கும் முதுகின் வளைவு பயன்படும். வெள்ளையை அலைநுரைக்கும் மீனின் அடிவயிற்றுக்கும் மட்டும் சிக்கனமாக வையுங்கள்.