பென்டிரைவில் காணாமல் போன போல்டர்கள்

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பென்டிரைவைச் செருகினால், அப்பாவின் பழைய போட்டோக்கள் இருந்த போல்டர்களைக் காணோம். ஷார்ட்கட்கள், அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி ஐகான்கள், மட்டுமே இருந்தன. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆனால் ப்ராப்பர்ட்டீஸில் 8 ஜிபியில் 5 ஜிபி நிரம்பியதாகவே காட்டியது. சரி, எதுவும் அழியவில்லை என்று தெம்பு வந்தது. இது போல்டர்களை மறைத்துவிட்டு ஷார்ட்கட்களை வைக்கும் வைரஸின் வேலை. அந்த ஷார்ட்கட்களைத் தொடவே கூடாது; தொட்டால் வைரஸ் கணினிக்குள்ளும் ஏறிவிடும். முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டினேன். மறைந்த பைல்களைக் காட்டச் சொல்லியும் பயனில்லை. வைரஸ் அவற்றை, விண்டோஸ் வழக்கமாகக் காட்டாத சிஸ்டம் பைல்களாகவும் மாற்றியிருந்தது. அப்புறம் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டில் பென்டிரைவுக்குப் போய், பைல்களின் மறைப்பு போன்ற குறிகளை மாற்றும் அட்ரிப் (attrib) கட்டளையை மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி (-h -r -s /s /d) சேர்த்துக் கொடுத்தேன். மைனஸ் போட்டவை அந்தக் குறிகளை நீக்கும்; ஸ்லாஷ் போட்டவை உள்போல்டர்களுக்கும் அதைச் செய்யும். கர்சர் மட்டும் கொஞ்ச நேரம் துடித்தது. திறந்து பார்த்தால், அப்பாவின் கல்யாணப் போட்டோ முதற்கொண்டு எல்லாம் அப்படியே இருந்தன. அன்றைக்கே ஹார்ட்டிஸ்கில் இன்னொரு காப்பி எடுத்துவைத்தேன்.