14 கூடுதலாக வந்த பீக்: ஒன்பது நாள் அலைந்த கதை

மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் சாற்றில் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமியை அடக்கும் பொருள் இருந்தது, கலவையைப் பிரித்து ஒவ்வொரு சேர்மத்தின் நிறையையும் அளக்கும் எல்சி-எம்எஸ்ஸில் ஓட்டினால் நாங்கள் தேடிய பீக்குக்கு (வரைபடத்தில் ஒரு சேர்மத்தைக் காட்டும் மேடு) பிறகு, நிறை சரியாக 14 கூடுதலாக இன்னொரு பீக். 14 என்றால் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். அதே குடும்பத்தில் இன்னொரு புதுச் சேர்மம் சிக்கிவிட்டது என்றே நம்பினேன்.

கரைப்பான் விகிதத்தைப் படிப்படியாக மாற்றும் கிரேடியன்ட்டை நீட்டினேன், சேர்மங்களைப் பிரிக்கும் எச்பிஎல்சி காலம்னை மாற்றினேன், புதிதாக வளர்ப்பும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பீக்கின் உயரம் வேறு. கருவியைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம்தான் பழைய ஓட்டங்களை நேர வரிசையில் அடுக்கினேன். வளர்ப்புக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை, குப்பி எத்தனை நாள் இருந்தது என்பதோடுதான் அது ஏறியிருக்கிறது! எங்கள் பொருளில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி உண்டு, மாதிரியை வைத்திருந்ததோ ஃபார்மிக் அமிலம் கலந்த மெத்தனாலில். அந்தத் தொகுதி மெத்தனாலோடு வினைபுரிந்து, குப்பிக்குள்ளேயே நிறை 14 கூடிய மெத்தில் எஸ்டர் உருவாகிக்கொண்டிருந்தது.

உறுதி செய்ய, ஒரு பங்கை அசிட்டோநைட்ரைலில் கரைத்தேன்: மூன்று நாள் கழித்தும் இரண்டாம் பீக் இல்லை. இன்னொரு பங்கை, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (நிறை ஒன்று கூடிய ஹைட்ரஜன்) உள்ள, என்எம்ஆர் சோதனைக்கு வாங்கும் மெத்தனாலில் வைத்தேன். இந்த முறை கூடுதல் 14 இல்லை, 17: மெத்திலின் மூன்று ஹைட்ரஜனும் டியூட்டீரியமாக இருந்தால் வரும் எண். மெத்தில் கரைப்பானிலிருந்துதான் வருகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

இப்போது சாற்றை உலர்த்தியே உறைநிலையில் வைக்கிறேன், ஓட்டும் அன்றுதான் அசிட்டோநைட்ரைலில் கரைக்கிறேன்.