பழைய ஈயக்குண்டு அச்சைச் சரிசெய்த விதம்
நாகப்பட்டினத்தில் வீச்சுவலைக்குக் குண்டு வார்க்க, கைமாறி வந்த இரும்பு அச்சு. இரு பாதியையும் மூடி வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. அந்த இடுக்கில்தான் ஈயம் செதிளாகப் பிதுங்கும். வலை நூலை அறுக்கும். உடனே அரத்தைத் தேடாதீர்கள். பாதிகள் ஒட்டும் முகத்தை ராவினால் குழி சிறுத்து எடை குறையும். இதில் குற்றவாளி ஒட்டிக் கிடந்த பழைய ஈயப் பிசிறு. உப்புக்காற்றுத் துருவை மண்ணெண்ணெய் தொட்ட பித்தளை பிரஷ் எடுத்தது. நன்றாகத் துடைத்து உலரவிட்டு, அச்சைச் சூடாக்கி மூங்கில் குச்சியால் பிசிறைச் சுரண்டினேன். சொட்டு ஈரமும் ஆகாது: ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில், தண்ணீர் பட்டென்று ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். பிறகு குழிக்குள் விளக்குப்புகை பிடித்துக் கரி படியவிட்டேன். முதல் நாலைந்து குண்டு சுருக்கம் விழுந்து வந்தால் அச்சுக்குச் சூடு போதவில்லை, திரும்ப உருக்குங்கள். இரு பாதியையும் நேராகப் பொருத்தும் முளை தேய்ந்து பாதிகள் நகரும் அச்சோ, இனாமாக வந்தாலும் வேண்டாம்.