பெரியவர்கள் வீட்டில் ஸ்மார்ட் சாதனங்கள்: மாட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலும் முதல் தவறு ஸ்மார்ட் பல்பில்தான் தொடங்குகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது மாட்டிவிட்டு, "இனிமே வாயால சொன்னா போதும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அம்மா படுக்கப்போகும்போது வழக்கம்போல சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார். கரண்டே வராத பல்ப் யார் சொல்லையும் கேட்காது. நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் கும்மிருட்டு.

ஸ்விட்ச் மேல் "அணைக்காதே" என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை. வாழ்நாள் பழக்கம் அதற்கெல்லாம் மாறாது. ஸ்விட்ச் போர்டுக்குள்ளேயே பொருத்துகிற ஸ்மார்ட் மாட்யூலை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். கையாலும் போடலாம், குரலாலும் போடலாம். நெட் இல்லாவிட்டாலும் லைட் எரியும். பெரும்பாலான மாட்யூல்களுக்கு போர்டில் நியூட்ரல் வயர் வேண்டும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்வை குறைந்தவர் இருக்கும் வீட்டில் கண்ணாடி டச் பேனல் வேண்டவே வேண்டாம். தடவித்தான் ஸ்விட்சைக் கண்டுபிடிக்கிறார். தடவினாலே ஃபேன் நின்றால் என்ன செய்வார்? பக்கவாதத்தில் பேச்சு குழறுபவருக்குக் குரல் மட்டும் போதாது, கட்டிலருகே பெரிய பட்டன் ஒன்று இருக்கட்டும். காது கேளாதவருக்கு விளக்கு மின்னும் காலிங் பெல். ஃபோனுக்குத் தமிழ் புரிகிறது என்பதற்காக குரல் கட்டளை கேட்டு நடக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கும் புரியும் என்று நம்பி வாங்காதீர்கள். முதலில் பெரியவரையே அதனிடம் பேசச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் கரண்ட் கட். இன்வெர்ட்டர் இருந்தாலும் வைஃபை தரும் ரௌட்டர் அந்த லைனில் இருக்கிறதா? இதைப் பலர் பார்ப்பதேயில்லை. சில ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் திரும்பியதும் தானாகவே எரிய ஆரம்பிக்கும். ராத்திரி 2 மணிக்கு வீடே பளிச்சென்று ஆனால் பெரியவர்கள் பயந்துபோவார்கள். 'பழைய நிலைக்கே திரும்பு' என்ற செட்டிங் ஆப்பில் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். ரௌட்டரை மாற்ற வேண்டிவந்தால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். சாதனங்கள் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதன் பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் பொருத்தும் கன்வெர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் செருகுவது தீயோடு விளையாடுவது. 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்தான் வேண்டும்.

கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வாட்ச் வாங்கித் தந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வழுக்கும் இடம் பாத்ரூம். குளிக்கும்போது வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். சுவரோடு மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் கையில் இருந்தாலும் அது கவனிக்காமல் போகலாம். முதலில் கைப்பிடிக் கம்பி போடுங்கள். விழுந்து கிடந்தாலும் எட்டுகிற உயரத்தில், தண்ணீர் தாங்கும் வயர்லெஸ் பெல் பட்டன் ஒன்றையும் ஒட்டுங்கள். ஸ்பீக்கர் 108-ஐ அழைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். சாதாரண ஃபோன் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கேமராவை அவரைக் கேட்காமல் வைக்காதீர்கள், அதுவும் படுக்கையறையில்.

கடைசியாக ஸ்மார்ட் லாக். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் நிற்கும் தாத்தா பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். தேய்ந்த ரேகைக்கு வீட்டுக் கதவும் திறக்காமல் போகலாம். சாவி போட்டும் திறக்கிற மாடலாக வாங்குங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ராத்திரி உள்ளே போடுகிற தாழ்ப்பாள். அது விழுந்துவிட்டால் நீங்கள் பெங்களூரிலிருந்து ஆப்பில் பூட்டைத் திறந்தும் கதவு அசையாது. தாழ்ப்பாள் போடாமல் படுக்க அவருக்கு மனம் வருமா என்று கேட்டுக்கொண்டு பிறகு லாக்கை வாங்குங்கள். சம்மதித்தால் உபரிச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள்.