ரியாக்டருக்கு யுரேனியம் வாங்குற கணக்கு: ஒரு ஷீட் போட்டுப் பார்த்துடலாம்

யுரேனியம் விலை ஏறிடுச்சுன்னு நியூஸ் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும், ஒரு பிளான்ட் வருஷத்துக்கு எவ்வளவுதான் வாங்கும், வாங்கினதை எங்க வச்சிருக்கும்னு. தேடிப் பார்த்தா ஒண்ணு ஸ்கூல் பாடம் மாதிரி இருக்கு, இல்லன்னா காசு கட்டினாதான் திறக்குற ரிப்போர்ட். அதனால நானே ஒரு ஷீட் போட்டுக்கிட்டேன். அமெரிக்கக் கம்பெனிகள் வாங்குற முறையை வச்சுத்தான் போட்டிருக்கேன், ஏன்னா அங்க அரசாங்கத்தோட எனர்ஜி இன்ஃபர்மேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் (சுருக்கமா ஈஐஏ) வருஷா வருஷம் வாங்கின அளவு, சராசரி விலை எல்லாத்தையும் இலவசமா வெளியிடுது. யுரேனியம்-235க்கும் 238க்கும் என்ன வித்தியாசம்ங்கிற பாடம் இதுல கிடையாது, அது எல்லா இடத்துலயும் இருக்கு.

என்ன வேணும்: லிப்ரெஆபீஸ் கால்க் போதும், எக்ஸெல் இருந்தா அதுவும் சரி. ஆன்லைன் என்ரிச்மென்ட் (செறிவூட்டல்) கால்குலேட்டர் வேண்டவே வேண்டாம். நிறைய கால்குலேட்டர் டெயில்ஸுக்கு (செறிவூட்டும்போது ஒதுக்குற கழிவுல மிஞ்சுற செறிவு) தானா ஒரு நம்பரை எடுத்துக்கும், நாம மாத்திப் பார்க்க வேண்டியதே அந்த நம்பரைத்தான்.

ஸ்டெப் 1: நாலு பில், நாலு யூனிட்

"யுரேனியம் வாங்குறது"ன்னு ஒரே வேலை மாதிரி சொல்றோம், ஆனா வர்றது நாலு பில். முதல்ல யெல்லோகேக், அதாவது யு3ஓ8, இது சுரங்கக் கம்பெனிகிட்ட இல்ல டிரேடர்கிட்ட, விலை பவுண்டுக்கு. அடுத்து அதை யுஎஃப்6 (யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு) ஆக்குற கன்வர்ஷன், விலை யுரேனியம் கிலோவுக்கு. மூணாவது என்ரிச்மென்ட், விலை எஸ்டபிள்யூயூ-ங்கிற யூனிட்டுக்கு (செபரேட்டிவ் வொர்க் யூனிட், ஸ்டெப் 3-ல வருது). கடைசியா ஃபேப்ரிகேஷன், பெல்லட் அடிச்சு ராடுக்குள்ள போட்டு அசெம்பிளியா கட்டித் தர்றது, மறுபடியும் கிலோவுக்கு. நாலுக்கும் நாலு கான்ட்ராக்ட், பெரும்பாலும் நாலு வேற வேற கம்பெனி.

ஷீட்ல முதல் வரியிலேயே இதைப் போட்டு வச்சுக்குங்க: 1 கிலோ யுரேனியம் = யு3ஓ8 கணக்குல சுமார் 2.6 பவுண்ட். பவுண்டை 0.4536 ஆல பெருக்கினா கிலோ வந்துடும்தான், ஆனா அது யு3ஓ8 கிலோ, அதுல யுரேனியம் 84.8% தான். இதை விட்டுட்டா கீழ வர்ற எல்லாமே தப்பாகும்.

ஸ்டெப் 2: பின்னாடியிருந்து முன்னாடி வாங்க

1000 மெகாவாட் பிடபிள்யூஆர் (அழுத்த நீர் ரியாக்டர்) ஒண்ணுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 20 டன் செறிவூட்டின யுரேனியம்னு வச்சுக்கலாம் (நிஜத்துல 18 மாசத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அந்தக் காலத்துக்கு வேண்டியதை ஒரேயடியா மாத்துவாங்க, அதனால ஒரு தடவைக்கு 30 டன் பக்கம்). செறிவு (யுரேனியம்-235-ஓட பங்கு) 4.5%, இயற்கையில இருக்கிறது 0.711%, டெயில்ஸ் அதாவது வேண்டாம்னு ஒதுக்குறதுல மிஞ்சுறது 0.25%.

ஃபீட் = (பொருள் − டெயில்ஸ்) ÷ (இயற்கை − டெயில்ஸ்)

(4.5 − 0.25) ÷ (0.711 − 0.25) = 9.22. ஒரு கிலோ எரிபொருளுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல இயற்கை யுரேனியம் வேணும். 20 டன்னுக்கு சுமார் 184 டன், பவுண்டுல சொன்னா 4,79,000 பக்கம். கன்வர்ஷன்லயும் ஃபேப்ரிகேஷன்லயும் கொஞ்சம் சேதாரம் போகும், அதுக்குன்னு ஷீட்ல ஒரு காலம் (நெடுவரிசை) விட்டு வையுங்க.

ஸ்டெப் 3: எஸ்டபிள்யூயூ

ரொம்ப பேர் மாட்டிக்கிற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா. எஸ்டபிள்யூயூ எடையோ ஆற்றலோ இல்ல, பிரிக்கிற வேலையோட அளவு. ஒவ்வொரு செறிவுக்கும் ஒரு மதிப்பு கண்டுபிடிக்கணும்:

மதிப்பு = (1 − 2ச) × எல்என்((1 − ச) ÷ ச)

ச-ங்கிறது செறிவு, அதுவும் பின்னமா போடணும். 4.5%-ன்னா 0.045. ஃபீட் கணக்குல எல்லாமே சதவீதமா இருந்தா வகுக்கும்போது அடிபட்டுப் போயிடும், பிரச்சனை இல்ல, ஆனா இங்க 4.5-ன்னு அப்படியே போட்டா லாகுக்குள்ள மைனஸ் போய் ஷீட் எர்ரர் காட்டும். எர்ரர் வந்தா கூட பரவாயில்ல. 0.25-ஐ அப்படியே போட்டா எர்ரரும் வராது, 25%-ன்னு எடுத்துக்கிட்டு பார்க்க நல்லாவே இருக்கிற ஒரு தப்பு நம்பரைக் கொடுக்கும். செல்லை பர்சன்ட் ஃபார்மேட்ல வச்சு 4.5%-ன்னே டைப் பண்ணுங்க, தொல்லை விட்டுச்சு. இன்னொண்ணு, எல்என்னும் லாகும் வேற வேற, எல்என்தான் வேணும்.

மதிப்புகள் வரிசையா 4.5%-க்கு 2.780, 0.25%-க்கு 5.959, 0.711%-க்கு 4.869 வரணும். அப்புறம்:

எஸ்டபிள்யூயூ = 1 × 2.780 + 8.22 × 5.959 − 9.22 × 4.869 = சுமார் 6.87

(8.22-ங்கிறது டெயில்ஸா போற கிலோ. ஃபீட்ல இருந்து ஒண்ணு கழிச்சாச்சு.) 20 டன்னுக்கு சுமார் 1,37,000 எஸ்டபிள்யூயூ.

ஸ்டெப் 4: டெயில்ஸை அசைச்சுப் பாருங்க

டெயில்ஸை 0.20% ஆக்கினா ஃபீட் 8.42 கிலோவா குறையும், எஸ்டபிள்யூயூ 7.69 ஆகும். 0.30% ஆக்கினா ஃபீட் 10.22, எஸ்டபிள்யூயூ 6.23. அதாவது யுரேனியம் கம்மியா வாங்கி வேலை அதிகமா வாங்கலாம், இல்ல தலைகீழா.

ஒரு உதாரண விலை போடுவோம், நிஜ விலை இல்ல: யெல்லோகேக் பவுண்ட் 80 டாலர், கன்வர்ஷன் கிலோ 50, எஸ்டபிள்யூயூ 150. ஒரு கிலோ எரிபொருளுக்கு 0.20%-ல சுமார் 3,325 டாலர், 0.30%-ல 3,571. இருபது டன்னுக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர். இப்ப யெல்லோகேக்கை 20, கன்வர்ஷனை 6-ன்னு இறக்கிப் பாருங்க, எஸ்டபிள்யூயூ அதே 150. இந்தத் தடவை 0.30%-தான் மலிவு, 1,527 டாலர், 0.20%-ல 1,642. ஒரே பிளான்ட், ஒரே எரிபொருள், விலை மாறினா வாங்குற யுரேனியம் அளவே மாறுது. கான்ட்ராக்ட்ல டெயில்ஸை ஒரு வரம்புக்குள்ள மாத்திக்க வாங்குறவங்க இடம் கேட்கிறது இதுக்குத்தான்.

ஸ்டெப் 5: ஸ்பாட்டா, டெர்மா

நியூஸ்ல வர்றது ஸ்பாட் விலை, அதாவது சீக்கிரம் டெலிவரி ஆகுற சரக்குக்கு அப்பப்ப பேசுற விலை; டெர்ம்ங்கிறது பல வருஷத்துக்குப் போடுற கான்ட்ராக்ட். ஈஐஏ கணக்குப்படி 2023-ல அமெரிக்க பிளான்ட்டுகள் வாங்கின 5 கோடியே 16 லட்சம் பவுண்ட்ல 15% தான் ஸ்பாட், மொத்தத்துக்கும் சேர்த்து சராசரி விலை 43.80 டாலர். அடுத்த வருஷம் ஜனவரியில ஸ்பாட் 100 டாலரைத் தாண்டுச்சு, ஆனா பழைய டெர்ம் கான்ட்ராக்ட் வச்சிருந்தவங்களுக்கு அது உடனே பெருசா உறைக்கல. 2007-ல 130 டாலரைத் தாண்டினதும், 2016 கடைசியில 20-க்கு கீழ போனதும் ஸ்பாட்தான்.

டெர்ம்ல ரெண்டு ரகம். ஒரு அடிப்படை விலை வச்சு விலைவாசிக்கு ஏத்தபடி ஏத்துறது ஒண்ணு, டெலிவரி நேரத்து மார்க்கெட் விலையை எடுத்துக்கிட்டு மேல ஒரு உச்சவரம்பு கீழ ஒரு அடிவரம்பு போடுறது இன்னொண்ணு. ஷீட்ல ரெண்டையும் பாதிப் பாதி போட்டா போதும். அளவைக் கூட்டக் குறைக்க இடம் இருக்கான்னும் பாருங்க. 2011 ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் ஜப்பான்ல ரியாக்டர் எல்லாம் நின்னு போச்சு, பழைய கான்ட்ராக்ட் சரக்கு மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஸ்டாக் மலையா குவிஞ்சுது.

ஸ்டெப் 6: ஸ்டாக் எங்க இருக்கு?

பிளான்ட்டுக்குப் பின்னாடி குடோன்ல டிரம் அடுக்கி வச்சிருப்பாங்கன்னு நினைச்சா, இல்ல. யெல்லோகேக் இருக்கிறது கன்வர்ட்டர்கிட்ட, கனடாவுல கேமிகோ, அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்து மெட்ரோபொலிஸ் ஆலை, ஃப்ரான்ஸ்ல ஓரானோ. நீங்க வாங்குறதுன்னா பெரும்பாலும் அங்க விக்கிறவர் கணக்குல குறைச்சு உங்க கணக்குல ஏத்துறதுதான், ஒரு லாரி கூட நகராது. ரைஸ்மில்லுல நெல்லைப் போட்டுட்டு அரிசி வாங்கிட்டு வர்ற மாதிரி, உங்க நெல்லோட அரிசியேதான் வேணும்னு யாரும் கேட்கிறதில்ல. யெல்லோகேக்கைக் கணக்குல வரவு வச்சதுல இருந்து ரியாக்டருக்குள்ள போற வரைக்கும் ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகும்னு வச்சுக்குங்க.

அதனால ஸ்டாக்குக்கு ஒரே காலம் போடாதீங்க, நாலு போடுங்க: யு3ஓ8, இயற்கை யுஎஃப்6, செறிவூட்டின யுஎஃப்6, ரெடி அசெம்பிளி. யெல்லோகேக் வச்சிருந்தா அடக்கச் செலவு கம்மி, யாருக்கு வேணா வித்துடலாம், ஆனா கன்வர்ட்டர் மூடிட்டா அது சும்மா பொடிதான், மெட்ரோபொலிஸ் 2017-ல நின்னு 2023-லதான் திரும்ப ஓடுச்சு. அசெம்பிளியா வச்சிருந்தா நாளைக்கே போடலாம், ஆனா காசு முழுக்க முடங்கும், அந்த டிசைன் ரியாக்டருக்குத் தவிர வேற யாருக்கும் ஆகாது. என்னைக் கேட்டா செறிவூட்டின யுஎஃப்6-லதான் கொஞ்சம் கூடுதலா வைக்கணும், மூணு தடையைத் தாண்டின சரக்கு அது.

அப்டேட்: கல்பாக்கத்துக்கும் இந்த ஷீட் ஒத்து வருமான்னு ரெண்டு மூணு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. வராது. அங்க மெட்ராஸ் அணுமின் நிலையத்துல இருக்கிற ரெண்டு ரியாக்டரும் கனநீர் ரகம், இயற்கை யுரேனியத்தையே போடலாம், ஸ்டெப் 3-ம் 4-ம் தேவையே இல்ல. எரிபொருள் பண்டல் ஹைதராபாத் நியூக்ளியர் ஃப்யூயல் காம்ப்ளெக்ஸ்ல இருந்து வருது. கூடங்குளத்துல செறிவூட்டின யுரேனியம்தான், ஆனா ரஷ்யாவோட டிவெல் கம்பெனி அசெம்பிளியாவே கட்டித் தர்றதால நாலு பில்லா பிரிச்சு வாங்குற கதை இல்ல.

இன்னொரு அப்டேட்: எந்த நாட்டுச் சரக்குன்னு ஒரு காலம் வேணும்னு ஒருத்தர் சொன்னார், ரொம்ப சரி. செறிவூட்டின ரஷ்ய யுரேனியத்தை இறக்குமதி பண்ண அமெரிக்கா 2024 மே மாசம் தடைச் சட்டம் போட்டுச்சு, விதிவிலக்கு வாங்கினாலும் 2028 ஜனவரி 1-ஓட சரி. ரஷ்யாவும் அதே வருஷம் நவம்பர்ல தன் பக்கம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. அதனால எஸ்டபிள்யூயூ வரிசைக்குப் பக்கத்துல நாடுன்னு ஒரு காலம், டெலிவரி தேதின்னு ஒரு காலம் சேர்த்துடுங்க, 2028 ஜனவரி 1-க்கு அப்புறம் ரஷ்யான்னு வந்தா செல் சிவப்பாகிற மாதிரி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டுட்டா போதும்.